பயறு வண்டில் ஆண்–பெண் முரணை அளப்பது: பெண்ணின் ஆயுளை மட்டும் எண்ணினால் போதுமா?

வேளச்சேரி_விலங்கியல் கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு கலோசோப்ரூக்கஸ் மாகுலேட்டஸ், அதாவது காராமணியைத் துளைக்கும் பயறு வண்டை எடுத்திருக்கிறேன். இணைசேர்வதால் பெண்ணுக்கு வரும் கேடு என்பதுதான் தலைப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நான்கு மாதம் இருக்கிறது. ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, ஏசி இல்லாத ஓர் அறை, செல்போன் கேமரா, இவ்வளவுதான் வசதி.

திட்டம் எளிது. கன்னிப் பெண் 30, ஆணோடு சேர்த்து வைத்த பெண் 30. எது எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணப்போகிறேன். ஆணோடு இருந்த பெண் சீக்கிரம் செத்தால், ஆணுறுப்பின் முட்கள் குத்திய காயமே காரணம் என்று எழுதலாமா? இதே வண்டில் ஒத்துழைப்பு என்று சொல்லத்தக்க எதையாவது அளக்க முடியுமா? சென்னையில் வளர்ப்பு எங்கே கெடும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காராமணி_டப்பா:

பூச்சி சரியான தேர்வு. ஒப்பீடுதான் சரியில்லை, அதை மாற்றிவிடுங்கள்.

கன்னிப் பெண் அதிக நாள் இருப்பதற்கு முதல் காரணம் அது முட்டை போடாததுதான். இந்த வண்டு வளர்ந்தபின் தின்னவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். புழுவாகப் பயறுக்குள் இருந்தபோது சேர்த்த கொழுப்பையும் நீரையும் வைத்தே வாழ்ந்து முடித்துவிடும். அந்த இருப்பை எண்பது, நூறு முட்டையாக மாற்றிய பெண் சீக்கிரம் சாகத்தான் செய்யும். உள்ளே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் சாகும். அதனால் கன்னியை விட்டுவிட்டு ஒரு முறை சேர்ந்த பெண்ணை அடிப்படையாக வையுங்கள். அதோடு ஒப்பிட, 48 மணி நேர இடைவெளியில் இரண்டாவது ஆணைச் சேர்ந்த பெண், சாகும்வரை ஓர் ஆணோடு ஒரே டப்பாவில் இருக்கும் பெண், ஒரு முறை சேர்ந்தபின் இன்னொரு பெண்ணோடு வைக்கப்பட்ட பெண் என்று மூன்று குழு. கடைசிக் குழுவை யாரும் போடுவதில்லை, ஆனால் அது மிகவும் முக்கியம். ஆணோடு இருக்கும் பெண் இருமடங்கு நெரிசலிலும் இருக்கிறது; நெரிசலின் பங்கைத் தனியே பிரிக்க வேறு வழி இல்லை. அந்த டப்பாவில் இரண்டு பெண்ணும் முட்டை போட்டால் எண்ணிக்கை குழம்பும். துணைக்கு விடுவது கன்னியாக இருந்தால் அது பெரும்பாலும் போடாது, போடும் ஒன்றிரண்டும் பொரிக்காது. எது எது என்று தெரிய, துணைப் பெண்ணின் இறக்கை உறையில் ஒரு சிறு பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள்.

பயறு வாங்கும்போது எண்ணெய் தடவியது, செம்மண் கட்டியது, மருந்துப் புகை போட்ட பழைய மூட்டை மூன்றையும் தவிருங்கள். எண்ணெய்ப் பூச்சில் முட்டை ஒட்டாது, ஒட்டியதும் மூச்சு முட்டிப் பொரிக்காது. நம் வீடுகளில் பயறுக்கு எண்ணெய் தடவி வைப்பதே அதற்குத்தானே. மருந்து இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் பயறில் பத்து வண்டு விட்டு இரண்டு நாள் பாருங்கள். நல்ல பயறு கிடைத்ததும் மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் பயறின்மேல் நீர் பூத்து, நான்கே நாளில் பூஞ்சை.

30 டிகிரிக்குப் பக்கத்தில் முட்டையிலிருந்து வண்டு வெளிவர மூன்றரை வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகும். வெளிவரும் முன் புழு பயறின் தோலுக்கு அடியில் வரை குடைந்து வந்து, தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாம்பல் நிற வட்டம், சன்னல் மாதிரி தெரியும். அந்தக் கட்டத்தில் பயறுகளைப் பொறுக்கி, 24 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு மூடுங்கள். சிறு மூடியுள்ள எந்த டப்பாவும் சரிதான். கன்னித்தன்மைக்கு இது ஒன்றே உத்தரவாதம். மொத்த டப்பாவில் காலையில் கண்டெடுத்த வண்டு கன்னி என்று நினைக்காதீர்கள். வெளிவந்து சற்று நேரத்திலேயே இணைசேரத் தொடங்கிவிடும்.

கலவியை முழுக்கப் பாருங்கள், படமெடுங்கள். ஆண் பின்னாலிருந்து ஏறி, உறுப்பைச் செலுத்தியதும் பின்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். முதலில் இரண்டும் அசையாது. சில நிமிடம் கழித்துப் பெண் பின்னங்கால்களால் ஆணின் வயிற்றில் உதைக்க ஆரம்பிக்கும். உதை வேகமாகி, இரண்டும் பிரியும்வரை நிற்காது. ஏறிய நேரம், முதல் உதை, பிரிந்த நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெலன் கிரட்ஜிங்டனும் மைக்கேல் சிவா-ஜோதியும் 2000இல் நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான்: பெண்ணை உதைக்க விடாமல் செய்தால் கலவி நீள்கிறது, பெண்ணின் இனப்பாதையில் காயமும் கூடுகிறது. நீங்களும் அப்படிச் செய்ய விரும்பி பின்னங்கால்களை வெட்டினால், ஒப்பீட்டுக் குழுவில் நடுக்கால்களை அதே அளவு வெட்ட வேண்டும். இல்லையென்றால் கால் போனதன் பாதிப்பையும் உதை போனதன் பாதிப்பையும் பிரிக்க முடியாது.

ஒரு பெண்ணுக்கு 100 பயறு கொடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். பயறு குறைந்தால் பெண் முட்டையை அடக்கிக்கொள்ளும், அடக்கினால் ஆயுள் நீளும், உங்கள் அளவீடு முழுதும் பயறின் எண்ணிக்கையைத்தான் காட்டும். பொரித்த முட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக இட்ட முட்டை கண்ணாடித் துளி போல இருக்கும். புழு பயறுக்குள் இறங்கியதும் குடைந்த தூளை முட்டை ஓட்டுக்குள் தள்ளிவிடும், ஓடு வெள்ளையாகிவிடும். பத்து நாள் கழித்தும் கண்ணாடியாகவே இருந்தால் அது கருவுறாததோ செத்ததோ.

இரண்டாம் கலவிக்கு மறுக்கும் பெண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பலர் செய்வது இது. ஒரு மணி நேரத்தில் சேராவிட்டால் 'மறுத்தது' என்று குறித்து அதையும் சாகும்வரை பின்தொடருங்கள். சம்மதித்த பெண்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஏற்கெனவே வறண்டுபோன, மெலிந்த பெண்களையே பொறுக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும்.

---

அடையாறு_ஆய்வுமேசை:

மேலே சொன்ன முறை அருமை. 'காயமே காரணம் என்று எழுதலாமா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சேர்க்கிறேன், வைவாவில் மாட்டுவது அங்கேதான்.

முரண் என்றால் காயம் என்று பொருள் அல்ல. ஒரே விஷயத்தில் ஆணுக்கு உகந்த அளவும் பெண்ணுக்கு உகந்த அளவும் வேறாக இருப்பதே முரண்: எத்தனை முறை சேர்வது, எவ்வளவு நேரம் சேர்வது, அடுத்த ஆணை எப்போது ஏற்பது. ஜெஃப்ரி பார்க்கர் 1979இல் வகுத்த சட்டகம் அது. காயம் அந்த இழுபறியின் தழும்பாக இருக்கலாம், வெறும் பக்கவிளைவாகவும் இருக்கலாம். ஆகவே பெண்ணின் இழப்பை அளந்துவிட்டு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். ஆணுக்கு அதில் என்ன கிடைத்தது?

இந்த வண்டைப் பொறுத்தவரை அதற்கு விடை இருக்கிறது. கோசிமா ஹோட்ஸியும் யோரான் ஆர்ன்க்விஸ்டும் 2009இல், நீண்ட முள்ளுள்ள ஆணுக்குக் கருவுறுத்துவதில் அதிகப் பங்கு கிடைக்கிறது என்று காட்டினார்கள். 2012இல் லேசரால் முள்ளைக் குட்டையாக்கிப் பார்த்தபோது அந்தப் பங்கு குறைந்தது. முள் துளைத்த வழியாக விந்துத் திரவத்தின் பொருட்கள் பெண்ணின் உடலுக்குள் சேர்வதும் தெரிந்தது. ஆக முள் இருப்பது பெண்ணைக் குத்திக் கெடுப்பதற்காக அல்ல. மற்ற ஆண்களோடு போட்டியிட. கேடு அதன் விலை, அதைக் கட்டுவது பெண். காயப்படுத்துவதாலேயே ஆணுக்கு லாபம் வருகிறதா என்பதை மாரோ, ஆர்ன்க்விஸ்ட், பிட்னிக் மூவரும் 2003இல் இந்த வண்டு, மாவு வண்டு, பழ ஈ மூன்றிலும் நேரடியாகச் சோதித்தார்கள். பெண்ணுக்குச் செயற்கையாகக் காயம் உண்டாக்கினாலும் அது ஆணுக்குச் சாதகமாக நடந்துகொள்ளவில்லை. 'ஆண் வேண்டுமென்றே காயப்படுத்துகிறது' என்ற வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

பெண்ணும் கைகட்டி நிற்பதில்லை. இந்தப் பேரின இனங்களை ஒப்பிட்டு ரோன், கட்வாலா, ஆர்ன்க்விஸ்ட் 2007இல் காட்டியது: ஆணுறுப்பு அதிகக் கேடு விளைவிக்கும் வகையில் இருக்கும் இனத்தில் பெண்ணின் பாதைச் சுவரும் தடிமனாகியிருக்கிறது.

ஒத்துழைப்புக் கேள்விக்கு வருகிறேன். அது தனி நிகழ்ச்சி அல்ல, அதே கலவிக்குள்தான் இருக்கிறது. ஆண் ஒரு கலவியில் தன் உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை விந்தாகக் கொடுத்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி நீர். குடிக்கத் தண்ணீரே இல்லாத பூச்சிக்கு அது பெரிய வரவு. மார்ட்டின் எட்வர்ட்சன் 2007இல், தண்ணீர் கிடைத்த பெண்கள் குறைவாகவே மறுபடி சேர்கின்றன என்று காட்டினார். தாகத்துக்காகவும் பெண் ஆணைத் தேடுகிறது. அதேசமயம், பெண் அடுத்த ஆணைச் சேர்ந்தால் முட்டைகளில் பெரும்பங்கு அந்த ஆணுக்குப் போய்விடும் என்பதால், அதன் தாகத்தைத் தீர்த்து வைப்பது முதல் ஆணுக்கும் லாபம். கொடையா, பூட்டா என்று கேட்டால் இரண்டும்தான். இந்தப் புள்ளியைச் சுற்றி உங்கள் புராஜெக்டைக் கட்டுங்கள் என்பது என் பரிந்துரை.

நடைமுறையில்: மேலே சொன்ன குழுக்களில் 'ஒரு முறை', 'இரண்டு முறை', 'தொடர்ந்து ஆணோடு' மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நனைத்த பஞ்சு வைத்த சிறு குழாய், மறுபாதிக்கு உலர்ந்த பஞ்சு. குழுவுக்கு 25 என்றால் 150 பெண்கள். கூடுதல் கலவி தரும் கேடு ஈரப் பஞ்சிலும் உலர் பஞ்சிலும் ஒரே அளவா? உலர் பஞ்சில் மட்டும் இரண்டாம் கலவி முட்டை எண்ணிக்கையை உயர்த்தினால் நீரின் பங்கு தெரியும். ஈரப் பஞ்சில் கேடு மட்டும் மிஞ்சினால் மறுபக்கம் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், அது உணவு ஆகிவிடும். பஞ்சுக் குழாயைப் பயறில் படாமல் செருகுங்கள், ஈரம் பட்ட பயறு வீண்.

ஆணும் பெண்ணும் வாழ்நாள் முழுக்க ஒன்றுக்கொன்று மட்டுமே என்று கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழ ஈயில் ஒரு சோதனை உண்டு. பிரெட் ஹாலண்டும் வில்லியம் ரைஸும் 1999இல் வெளியிட்டது, 47 தலைமுறை. பெண் செத்தால் ஆணின் வாரிசும் போச்சு என்ற நிலையில் ஆண்கள் கேடு குறைந்தவையாக மாறின, பெண்களின் எதிர்ப்பும் தளர்ந்தது. உங்கள் முன்னுரையில் ஒத்துழைப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படாது.

---

வேளச்சேரி_விலங்கியல்:

இருவருக்கும் மிக்க நன்றி. கன்னி ஒப்பீட்டை எடுத்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். கடையில் கிடைத்த வண்டுகளில் இரண்டு இனம் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது, எப்படிப் பிரிப்பது? ஆண் பெண்ணை உயிரோடு எப்படி அடையாளம் காண்பது?

---

காராமணி_டப்பா:

ஆணின் உணர்கொம்பைப் பாருங்கள். சீப்புப் பல் போலக் கிளை நீண்டிருந்தால் அது கலோசோப்ரூக்கஸ் சைனென்சிஸ். மாகுலேட்டஸில் இரு பாலுக்கும் கொம்பு லேசான ரம்பப் பல் மட்டுமே. பாசிப்பயறு மூட்டையிலிருந்து எடுத்தால் சைனென்சிஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கலப்பு இருந்தால் ஒரு ஜோடியிலிருந்து ஒரு டப்பா என்று பத்துப் பதினைந்து டப்பா தொடங்கி, வெளிவந்த ஆண்களைச் சரிபார்த்து, சரியானவற்றை மட்டும் ஒன்றாகச் சேருங்கள். ஒரே ஜோடியின் வம்சத்தில் முழுச் சோதனையையும் செய்யக் கூடாது, உட்கலப்பால் எல்லாமே பலவீனமாகும்.

பாலுக்கு, இறக்கை உறைக்குப் பின்னால் தெரியும் கடைசித் தகட்டைப் பாருங்கள். பெண்ணில் அது பெரிது, இரு ஓரத்திலும் கருப்புப் பட்டை, நடுவில் வெளுத்த கோடு. ஆணில் பட்டை இல்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தால் அசையாமல் கிடக்கும், ஈரத் தூரிகை நுனியால் புரட்டலாம். இடுக்கி வேண்டாம், கால் முறியும்.

நெரிசலான டப்பாவில் வளர்ந்தவற்றில் பறக்கும் வடிவம் என்று ஒன்று வரும். நிறத்திலும் வேறுபடும், பறக்கும், முட்டையிடுவதையும் தள்ளிப் போடும். அதைச் சோதனையில் கலந்தால் ஆயுள் கணக்கு குலைந்துவிடும். தாய்க் கூட்டத்துக்கு நிறையப் பயறு கொடுத்து, பயறுக்கு ஓரிரு முட்டைக்கு மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

கெடுவதைக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் மழை ஈரத்தில் பூஞ்சை வரும். மூடியில் மெல்லிய துணி ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். எறும்பு நிச்சயம் வரும், மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பயறிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளக் கரும்பளபளப்புக் குளவி வந்தால் அது புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி; அந்த டப்பாவை அன்றே ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு வாரம் தாமதித்தால் வளர்ப்பு முழுவதற்கும் பரவும். கையில் அரிப்போடு சிவந்த தடிப்பு வந்தால் பைமோட்டஸ் சிலந்திப்பேன் இருக்கலாம், மொத்தமாக அழித்துத் தொடங்குவதே நல்லது. பிப்ரவரி முடிவில் அறை சூடாகும். சூட்டில் எல்லாப் பூச்சிக்கும் ஆயுள் குறையும் என்பதால் எல்லாக் குழுவையும் ஒரே வாரத்தில் தொடங்கி, தட்டுகளின் இடத்தைத் தினமும் மாற்றுங்கள். சன்னலோர அலமாரி ஒரே குழுவுக்குப் போய்விடக் கூடாது. கழிவுப் பயறை ஃப்ரீசரில் வைத்துக் கொன்றபிறகே குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் விடுதிச் சமையலறைவரை போய்விடும்.

---

ஊசித்தட்டான்:

வண்டு வளர்வதற்குள் ஒரு மாதம் சும்மா இருக்குமே, அந்த இடைவெளியில் குளத்துக்குப் போய்ப் பாருங்கள். முதுகில் முட்டை அடுக்கிய டிப்லோனிக்கஸ் நீர்ப்பூச்சி நம் குளங்களில் சாதாரணமாக இருக்கும். முட்டை சுமப்பது எல்லாமே ஆண். பெண் ஆணின் இறக்கைமேல் முட்டைகளைப் பசையால் ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரியும்வரை ஆணால் பறக்க முடியாது, நீந்துவதும் மெதுவாகும். நீர்மட்டத்துக்கு வந்து முட்டைக்குக் காற்றுக் காட்டும், உடம்பை ஆட்டி நீரை ஓட விடும். இது ஒத்துழைப்பு. முரண் எங்கே என்றால், சுமக்கும் முட்டை தன்னுடையதா என்பதில். இதே குடும்பத்து அபீடஸ் பூச்சியில் ராபர்ட் ஸ்மித் 1979இல் காட்டியது: ஆண் முதலில் கலவி செய்யாமல் முட்டையை ஏற்காது, ஓரிரு முட்டைகள் விழுந்ததும் பெண்ணை நிறுத்தி மறுபடி கலவி செய்யும், அப்புறம்தான் அடுத்த முட்டை. வெள்ளைத் தட்டில் ஒரு ஜோடியை விட்டுப் படமெடுத்தால் நம் குளத்து டிப்லோனிக்கஸில் அந்த வரிசை எப்படி என்று நேரில் எண்ணலாம். வெறுங்கையால் எடுக்காதீர்கள், கடிக்கும், வலி கடுமை.

செரியாக்ரியான் கோரமண்டலியானம் என்ற மஞ்சள் ஊசித்தட்டானில் பெண் முட்டையிடும்போதும் ஆண் அதன் கழுத்தைப் பிடித்தபடியே இருக்கும். காவலா, சிறையா என்பது நல்ல விவாதம். ஊசித்தட்டான்களில் ஆண் தன் விந்தைச் செலுத்தும் முன் முந்தைய ஆணின் விந்தை வழித்து எடுத்துவிடும் என்று ஜோனதன் வாகி 1979இல் வேறோர் இனத்தில் காட்டியதைப் படித்தால் அந்தப் பிடியின் அவசியம் புரியும். பள்ளிக்கரணைக் காப்புக்காட்டிலும் கிண்டி தேசியப் பூங்காவிலும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வலையோடு போகாதீர்கள்.

---

வேளச்சேரி_விலங்கியல்:

நீர்ப்பூச்சியைத் துணைப் பகுதியாகச் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: ஆண் கொடுக்கும் விந்தின் எடையை 0.1 மில்லிகிராம் தராசில் பிடிக்க முடியுமா?

---

அடையாறு_ஆய்வுமேசை:

ஒற்றை வண்டில் முடியாது. ஆண் சுமார் 4 மில்லிகிராம், இழப்பு 0.2 முதல் 0.4 வரை, தராசின் கடைசி இலக்கத்தில் காணாமல் போய்விடும். பத்துக் கன்னி ஆண்களை ஒரே மூடிய குப்பியில் போட்டு நிறுங்கள், தனித்தனிப் பெண்ணோடு ஒரு முறை சேர விடுங்கள், உடனே பத்தையும் மறுபடி அதே குப்பியில் நிறுங்கள். வித்தியாசம் 2 முதல் 4 மில்லிகிராம் வரும், அதை இந்தத் தராசு காட்டும். சேராத பத்து ஆண்களையும் அதே நேர இடைவெளியில் நிறுத்து, ஆவியாகிப் போன நீரைக் கழித்துக்கொள்ளுங்கள். இப்படி எட்டுப் பத்துத் தொகுதி எடுத்தால் சராசரிக்குப் போதும், ஆனால் தொகுதிதான் ஓர் அலகு, பத்து ஆணைப் பத்து என்று எண்ணக் கூடாது. ஆண் கட்டாயம் கன்னியாக இருக்க வேண்டும், இரண்டாம் கலவியில் கொடுப்பது கணிசமாகக் குறைந்துவிடும். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, தராசின் கண்ணாடிக் கதவையும் மூடுங்கள்.